பத்தாவது கேள்வி

"எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. எதைக் கேட்கிறார்கள்? உடம்பையா, மனதையா? இன்றைக்கா, இந்த வாரம் முழுக்கவா? எல்லாம் தொழில் வியாதி. என் கணவர் பிரிந்து போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று ஒரு மனிதர் ஆசையாகக் கேட்கும்போது "எந்த அளவுகோல்ல சொல்லட்டும்?" என்று திருப்பிக் கேட்கிற பெண்ணோடு அவரும் எவ்வளவு காலம்தான் குப்பை கொட்டுவார், பாவம். இப்போது சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் ஒரு ஃபிரிட்ஜும் இருக்கிறோம். அது தினமும் சாயங்காலம் "சாப்பிட்டாச்சா, மிருதுளா?" என்று கேட்கும். அதற்கும் நான் பதில் சொல்வதில்லை.

என் வேலை கேள்விகளைச் சோதிப்பது. நோயாளிகளிடம் அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கென்று கேள்வித் தொகுப்புகள் இருக்கின்றன. யாரோ ஒரு டாக்டர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். அந்தக் கேள்வி நோயாளிக்கு நாம் நினைத்தபடியே புரிகிறதா, அவருக்கு முக்கியமான எதையும் கேட்காமல் விட்டிருக்கிறோமா, இந்த இரண்டையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். "படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?" என்ற கேள்விக்கு ஒருவர் "இல்லவே இல்லை" என்றார். இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாம். பிறகுதான் தெரிந்தது, அவர் வீட்டில் படியே கிடையாது. "அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா?" என்றதற்கு ஓர் அம்மா "முடியுது" என்றார். எப்படி என்று கேட்டால், "அழுதுக்கிட்டே செய்வேன். நான் செய்யலன்னா வேற யாரு செய்வா?" என்றார்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. நோயாளியின் வாய்ச்சொல்லை மாற்றக் கூடாது. அவர் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. கூட இருப்பவர்கள் சொல்வதை அதில் கலக்கவே கூடாது. புதிதாகச் சேருபவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துபவளும் நான்தான். வெறும் சம்பளத்துக்காக நடத்தவில்லை. கல்லூரியில் படிக்கும்போது எனக்கு வயிற்று வலி வந்தது. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா பதில் சொன்னார். "பரீட்சைப் பயம் டாக்டர், வேற ஒண்ணுமில்ல." குடல்வால் வெடித்த பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். காலம் காலமாகப் பெண்டாட்டியின் வலியைப் புருஷனும், கிழவர்களின் வலியைப் பிள்ளைகளும் சொல்லி வந்த ஊர் இது. அதனால் இந்த விதியின்மேல் எனக்குப் பக்தியே உண்டு.

'இதம்' வந்தபோது அந்தப் பக்தியோடுதான் அதைச் சோதிக்கப் போனேன்.

இதம் என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைக்கிற, ஒரு ஸ்டிக்கர் பொட்டு அளவுக் கருவி. எந்த மருந்துக்கும் மசியாத நரம்பு வலிக்காரர்களுக்கானது. காலையில் எழுந்ததும் ஒரு குரல் ஒன்பது கேள்விகள் கேட்கும். வலி, தூக்கம், பதற்றம், பசி என்று. சுத்தமாகத் தொந்தரவு இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. அந்தப் பதில்களைப் பார்த்து இதம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். மாநிலம் முழுக்க இலவசமாகப் பொருத்த அரசு தயாராக இருந்தது. அதற்கு முன்னால் "இந்த ஒன்பது கேள்விகளில் முக்கியமான எதுவும் விடுபடவில்லை" என்று என் பிரிவு சான்று தர வேண்டும். ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனேன். யாரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் கணபதிப் பகுதியில் பூபதி என்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பூபதிக்கு அறுபதை நெருங்கும் வயது. லேத் பட்டறை வைத்திருந்தவர். அங்கே நடந்த விபத்தில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. கால் போன பிறகும் அந்தக் காலில் வலி போகவில்லை. இல்லாத கட்டைவிரலை யாரோ பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்குவதாகப் பழைய பதிவில் சொல்லியிருந்தார். இதம் வைத்த பிறகு வலி அடியோடு நின்றுவிட்டது.

"வாங் மேடம், உக்காருங்" என்று சிரித்தார். அவர் மனைவி சுகன்யா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். விதியைச் சொல்லி அவரைச் சமையலறைக்கு அனுப்பினேன். என்னைவிட மூத்த பெண், சொந்த வீட்டில் முகம் சுருங்கிப் போனார்.

"'கடந்த ஒரு நாளில் வலி எவ்வளவு இருந்தது?' இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்க மனசுல என்ன ஓடுதோ, அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஓடலீங்க. வலி இருந்தாத்தானுங்களே. பூஜ்யம்."

"தூக்கம்?"

"ஜம்முன்னு தூங்கறனுங்."

ஒன்பதும் பூஜ்யம். நடுவில் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "பையனுங்க, ஆஸ்திரேலியாவுல இருக்கறான். பொறவு பேசிக்கலாம்" என்று திருப்பி வைத்துவிட்டார். எனக்காக மரியாதைக்கு அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இந்த ஒன்பதுலயும் வராத, ஆனா உங்களுக்கு முக்கியமான ஏதாவது இருக்குதுங்களா?"

உண்மையாகவே யோசித்தார். "இல்லீங்க. எல்லாத்தையும் கேட்டுப்போட்டீங்."

நல்ல ஹோட்டலில் தங்கியிருக்கும் விருந்தாளியைப் போலத் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாரிடமும் மரியாதை, எதன்மேலும் புகார் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. கிளம்பினேன்.

சுகன்யா ஒரு டப்பாவில் வெல்லம் சேர்த்துச் சுட்ட கச்சாயத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங் அம்மிணி, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அதையெல்லாம் எழுத மாட்டீங்கன்னு தெரியுமுங்."

"சொல்லுங்க்கா."

"அவருக்கு நோவு போயிருச்சுங்க. அதுக்கு உங்களுக்குக் கோயலே கட்டலாம். எப்புடிக் கத்துவாருங்கறீங்க! காலே இல்லாத எடத்த நான் புடிச்சு உட்டுட்டு உக்காந்திருப்பனுங். ஆனா அந்த நோவு போறப்ப கூடவே என்னையுங் கூட்டிட்டுப் போயிருச்சுங்க."

"எனக்குப் புரியலைக்கா."

"முன்னெல்லாம் நான் கடைக்குப் போயிட்டு வாரக்குச் சித்த நேரமானாப் போதும், போன் மேல போன் வரும். 'எங்க இருக்கறே சுகு, எங்க இருக்கறே சுகு'ன்னு. அப்ப எரிச்சலா இருக்குமுங்க. போன மாசம் பொள்ளாச்சிக்கு எங்கக்கா ஊட்டுக்குப் போனேன். வேணும்னே சொல்லாமப் போனனுங். ரெண்டு வாரம். ஒரு போன் இல்லீங்க. மெஸ்ஸுல சோறு சொல்லிச் சாப்பிட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்திருக்கறாரு. திரும்பி வந்தா, 'வந்துட்டியா சுகன்யா'ங்கறாரு. கோவமும் இல்ல, சந்தோசமும் இல்ல. நான் இல்லியேன்னு அவருக்கு என்னையத் தேடலீங்க. பையனத் தேடல. ஆரையுமே தேடல."

"அவர்கிட்ட இதப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினனே. 'உனக்கு என்ன கொறை சுகன்யா, சொல்லு, வாங்கித் தாரேன்'ங்கறாரு. நீங்க கேட்டுப் பாருங்களேன். 'உன்ற பொண்டாட்டியத் தேடுதா'ன்னு ஒரு வார்த்த கேளுங்."

"நான் அப்படிக் கேட்கக் கூடாதுக்கா. அவராத்தான் சொல்லணும். கூட இருக்கறவங்க சொல்றதும் கணக்குல சேராது."

"இல்லாததை இல்லைன்னு அவரு எப்புடீங்க சொல்லுவாரு?" என்றார் சுகன்யா. அவர் குரலில் கோபம் இல்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார்.

வண்டியில் வரும்போது கச்சாயத்தைத் தின்றுகொண்டே வந்தேன். எனக்கென்று யாராவது கையால் செய்து கொடுத்து வெகுநாளாகியிருந்தது.

டாக்டர் தீபன்தான் கேள்வித் தொகுப்புக் குழுவின் தலைவர். கெட்டவர் இல்லை. அவருடைய அம்மா நரம்பு வலியில் துடித்துச் செத்துப் போனவர். அதனால்தான் இந்தத் துறைக்கே வந்தார். கேன்டீனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆச்சரியம் இல்ல மிருதுளா. இதத்துக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். மொத்த எண் குறையணும். ஆள் தூங்கும்போது நரம்புல இங்க கொஞ்சம் குறைச்சுப் பார்க்கும், அங்க கொஞ்சம் கூட்டிப் பார்க்கும். காலையில எண் குறைஞ்சிருந்தா அதையே வச்சுக்கும்."

"அது எதைக் குறைச்சதுன்னு நமக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நோயாளி சொல்றதுதானே நமக்குக் கண்ணு. மூளைக்குள்ள, இல்லாத காலைத் தேடுற இடமும் பக்கத்துல இல்லாத ஆளைத் தேடுற இடமும் அடுத்தடுத்த வீடுன்னு வச்சுக்கோங்க. ஒரு வீட்டுல ஃபியூஸைப் பிடுங்கினா இன்னொரு வீட்டுலயும் விளக்கு அணையுது. அதோட, யாரையும் தேடலைன்னா தூக்கம் நல்லா வரும், பதற்றம் இருக்காது. அந்தக் கேள்விகள்லயும் எண் குறையும். இதத்துக்கு ரெட்டை லாபம்."

"அப்ப ஒரு கேள்வியைச் சேர்த்துடலாம் டாக்டர். தேடுதான்னு கேட்டுட்டா, அதைத் தொடாம இருக்கும்ல?"

"சேர்க்கலாமே. எந்த நோயாளி சொன்னார்?"

"அவர் மனைவி."

தீபன் என்னைப் பார்த்தார். மறுபடியும் காபியை ஆற்ற ஆரம்பித்தார். நான் பாடம் நடத்துகிற விதியை எனக்கே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வருஷத்துக்கு ஒரு முறை இதத்தை அரை மணி நேரம் நிறுத்திப் பராமரிப்பு செய்ய வேண்டும். வழக்கமாக நோயாளிக்கு மயக்க ஊசி போட்டுவிடுவார்கள். பூபதிக்கு அந்த முறை வந்திருந்தது. மயக்காமல் நிறுத்தினால் பழைய பூபதி திரும்பி வருவார். வலியும் வரும். ஆனால் தனக்கு என்ன விடுபட்டுப் போயிற்று என்று தன் வாயாலேயே சொல்லக்கூடிய ஒரே நோயாளி அவராகத்தான் இருப்பார். குழு தயங்கியது. நர்ஸ் கூட இருக்க வேண்டும், இதத்தை நிறுத்தவும் போடவும் உதவும் கைக்கருவி பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவர் போதும் என்றால் அந்த நொடியே போட்டுவிட வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டு ஒத்துக்கொண்டது.

பூபதி மறுப்பே சொல்லவில்லை. "செஞ்சுக்கலாமுங்க, நமக்கென்ன" என்றார். வலி எப்படி இருந்தது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. பயந்தது சுகன்யாதான்.

"நோவு ரொம்ப வருமுங்களா?"

"வரும்க்கா."

"அவரு சொல்லிட்டார்னா, பொறவு அந்தக் கேள்வியச் சேத்திருவீங்களா? அவரு மறுபடியும் என்னையத் தேடுவாருங்களா?"

"சேர்த்தா இதம் அதைத் தொடாது. அப்படித்தான் நினைக்கறேன்."

"அப்பச் செய்யுங்க" என்று சமையலறைக்குள் போனார். போகும்போது தலையை வாரிப் பூ வைத்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

நர்ஸ் ஜெசிந்தா கைக்கருவியில் இதத்தை நிறுத்தி, மேஜைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பூபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை மெதுவாகக் கீழே போய், பாதம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றைப் பிடித்தது. நெற்றி வியர்த்தது. என்னைப் பார்த்தார். ஆனால் அவர் கண் தேடியது என்னை அல்ல.

"சுகு எங்கீங்க?" என்றார்.

நான் அனுமதிக்கப்பட்ட வாக்கியத்தைச் சொன்னேன். "இப்ப உங்க மனசுல என்ன ஓடுதோ, அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க."

"சுகு எங்க? அவளைக் காணோம். சுகூ! பையன் போன் பண்ணுனானே, நான் எடுக்கவே இல்லியே... ஏன் எடுக்கல நானு? சுகூ!"

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வலிக்காகவா, அவளுக்காகவா என்று பிரிக்க முடியாத கத்தல். சுகன்யா விதியை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் தடுக்கவில்லை. மனைவியின் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"எங்கடி போயிருந்தே இத்தன நாளா?"

"நான் எங்கயும் போகலீங்க. இங்கயேதான் இருந்தேன் மாமா. இங்கயேதான் இருந்தேன்."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். எனக்கும் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதற்கு அவர் வாயிலிருந்து பதில் வந்துவிட்டால் போதும்.

வலி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் உடம்பு வில்லாக வளைந்தது. துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி. இத்தனையிலயும் உங்களுக்கு எது முக்கியம்?"

துண்டை வாயிலிருந்து எடுத்தார். சுகன்யாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

சுகன்யா கைக்கருவியை எட்டி எடுத்து அமுக்கிவிட்டார். "என்னால பாக்க முடியலீங்க, என்னால பாக்க முடியலீங்க" என்று சொல்லிக்கொண்டே அமுக்கியதையே திரும்பத் திரும்ப அமுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் பூபதியின் முகம் தெளிந்தது. மூச்சு சீரானது. தன் இரண்டு கைகளுக்குள் இருந்த மனைவியின் கையைப் பார்த்தார். பக்குவமாக அதை எடுத்து அவர் மடியிலேயே வைத்தார்.

"சுகன்யா, மேடத்துக்கு டீ குடுத்தியா?" என்றார்.

சுகன்யா எழுந்து டீ போடப் போனார். தலையில் இருந்த பூ கசங்கிக் கட்டில்மேல் கிடந்தது.

ஒலிப்பதிவை அலுவலகத்தில் பகுத்தாய்கிற மென்பொருளிடம் கொடுத்தேன். அது உடனே முடிவு சொல்லிவிட்டது. "சுகு" என்ற சொல் வலி வெளிப்பாடு. ஐயோ, அம்மா என்பது போன்றது. புதிய கருத்து எதுவும் இல்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. வலியில் நம் ஆட்கள் அம்மா என்று கத்துவார்கள், அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே என் பிரிவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. முடிவை மறுத்துக் குழுவைக் கூட்டினேன். எல்லாருக்கும் முன்னால் பதிவை ஓட விட்டேன். "எங்கடி போயிருந்தே" என்ற இடத்தில் தீபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்றே ஏற்றுக்கொண்டார்கள். பத்தாவது கேள்வி: "கடந்த ஒரு நாளில் யாரையாவது உங்களுக்கு எவ்வளவு தேடியது?" பலரிடம் சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி, சரியாகப் புரிந்தது. என் வேலைக்காலத்தில் நான் உருவாக்கிய மிக நல்ல கேள்வி அதுதான். சுகன்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நல்லாருப்பீங் கண்ணு" என்று அழுதார். அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜ் "சாப்பிட்டாச்சா, மிருதுளா?" என்றபோது, முதல் முறையாக "இனிமேதான்" என்று பதில் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

இதம் மாநிலமெங்கும் போனது. புதிதாகப் பொருத்திக்கொண்டவர்கள் ஆரம்பத்தில் பத்தாவது கேள்விக்கு ஆறு, ஏழு என்று சொன்னார்கள். வெளியூரில் மகள், செத்துப் போன தம்பி, யாரோ ஒருவர். வாரங்கள் போகப் போக எண் இறங்கியது. நாலு, இரண்டு. மழைக்காலம் முடிவதற்குள் பெரும்பாலும் எல்லாருமே பூஜ்யம். பூபதியும் பூஜ்யம். முன்பாவது இதம் குருட்டாம்போக்கில் அதன்மேல் இடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தேன்.

மற்ற ஒன்பது கேள்விகளைப் போலவே பத்தாவதையும் சேர்த்திருந்தார்கள். எண் குறைந்தால் நல்லது. யாருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை. கேள்வி சேர்ந்ததே பெரிது என்று ஆடிக்கொண்டிருந்த எனக்கும் அது உறைக்கவில்லை.

தீபனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். "அந்தக் கேள்வியோட கணக்கைத் திருப்பிப் போடுங்க டாக்டர். தேடறது நோய் இல்ல. அது குறையக் கூடாது."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார். அவர் முகம் களைத்திருந்தது. "ஆனா அப்படின்னு எந்த நோயாளி சொன்னார்? நீங்க கொண்டு வந்த பதிவையே எடுத்துக்குங்க. அவர் அழறார், துடிக்கிறார், கூப்பிடறார். அதைக் கேட்கிற யாரும் அது துன்பம்னுதான் சொல்லுவாங்க. 'எனக்கு இது வேணும்'னு அவர் எங்க சொல்றார்?"

"கடைசிக் கேள்விக்குச் சொல்ல வந்தார்."

"வந்தார். சொல்லலையே."

தீபன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நமக்குத் தோணறதை நோயாளி பேர்ல எழுத ஆரம்பிச்சா, வகுப்புல நீங்க சொல்ற உங்கப்பாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தர், ஒரே ஒருத்தர் தன் வாயால சொல்லட்டும். அது இல்லைன்னா எனக்கு நல்லா இருக்காதுன்னு. நானே மாத்தறேன். ஏற்கெனவே வச்சுக்கிட்டவங்க சொல்ல மாட்டாங்க. புதுசா விண்ணப்பிக்கிறவங்க கிட்டக் கேளுங்க."

விண்ணப்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்துக் கேள்விகளில் எதில் எண் அதிகமிருந்தாலும் இதம் கேட்கலாம் என்று அரசு அறிவித்திருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்தேன். வலிக்காரர்களுக்கு வலியைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் என் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சுகன்யா.

கையில் நான் திருப்பிக் கொடுத்திருந்த அதே டப்பா. இளைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அவரைப் பத்திப் பேச வந்தீங்களாக்கா?"

"இல்லீங் அம்மிணி. எனக்குத்தான் எழுதிக் குடுத்திருக்கறேன். எனக்கு நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒம்போது கேள்விக்கும் ஒண்ணோ ரெண்டோதான். அந்தப் பத்தாவதுக்கு மட்டும் பத்துன்னு சொன்னனுங். அது ஒண்ணே போதும்னுட்டாங்க."

விண்ணப்பித்த அந்த நிமிஷத்திலிருந்து அவர் நோயாளி. தேடுவது என்றால் என்ன என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர். அந்த ஒரு வார்த்தையை இவரைவிட யார் சொல்லிவிட முடியும்?

ஒலிப்பதிவைப் போட்டேன். அது ஓடுவதைச் சுகன்யா உற்றுப் பார்த்தார்.

"இப்ப நான் பேசறது கணக்குல சேருமுங்களா?"

"சேரும்க்கா."

"அப்பிடீங்களா" என்று புடவையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எப்ப எப்பல்லாம் வருதுன்னு சொல்லுங்க."

"எப்ப வரலைன்னு கேளுங். முன்னால உக்காந்துதான் சாப்புடறாரு. அப்பவும் வருது. ஊட்டுக்குள்ளயே இருக்கற மனுசன ஒருத்தி இப்பிடித் தேடுவாளா? ஆருகிட்டச் சொல்றது இத? சொன்னாச் சிரிப்பாங்க."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா, அது போய்விட்டால் அவரை நினைக்க இந்த உலகத்தில் ஆளே இருக்காது, வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். விதியில் இருக்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"அது உங்களுக்குச் சுத்தமா இல்லாமப் போயிட்டா எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க?"

சுகன்யா டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சொல்லுங்க்கா, சொல்லுங்க என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் டப்பாவை அழுத்தி மூடிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"நல்லாருக்கும் அம்மிணி" என்றார். "அவருக்கு நல்லாத்தானே இருக்குது."

நான் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நோயாளியின் வாய்ச்சொல்லை மாற்றக் கூடாது.